தில்லியின் சட்டம், சென்னையின் சம்பளம்

காரைக்குடியில் ஒரு பெண்ணை அவள் கணவன் அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவளைக் காப்பாற்றும் சட்டத்தை எழுதியது தில்லி. அந்தச் சட்டப்படி அவளுக்குத் துணை நிற்க வேண்டிய அலுவலருக்குச் சம்பளம் கொடுப்பது சென்னை. அவர் உட்கார்ந்திருப்பது நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் சிவகங்கையில். உத்தரவு போட வேண்டிய நடுவர் உள்ளூரிலேயே இருக்கிறார். அவர் நீதிமன்றத்தைக் கண்காணிப்பது மதுரையில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளை. உத்தரவை மீறினால் கணவனைப் பிடிக்க வேண்டிய போலீஸோ வேறொரு துறையின் ஆள். அடி விழுந்தது ஒரு அடுப்படியில். பதில் வர வேண்டியது நாலைந்து திசைகளிலிருந்து.

இப்படி ஒரு பாதையை யாரும் யோசித்துப் போடவில்லை. இதில் பாதி, அந்தப் பெண்ணின் பாட்டி பிறப்பதற்கு முன்பே போட்டது.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் வெள்ளைக்கார அரசு அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. போலீஸ், மருத்துவமனை போன்றவை மாகாணங்களுக்கு. குற்றச் சட்டம், திருமணம், மணவிலக்கு ஆகியவை இருவருக்கும் பொது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசியலமைப்பை எழுதியவர்கள் இந்த அடுக்கைப் பெரும்பாலும் அப்படியே எடுத்து ஏழாவது அட்டவணையில் வைத்தார்கள். போலீஸ் இன்றைக்கும் மாநிலப் பட்டியல். திருமணமும் குற்றச் சட்டமும் பொதுப் பட்டியல். பொதுப் பட்டியலில் மத்திய, மாநிலச் சட்டங்கள் மோதினால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். ஆக, பெண்ணை அடிப்பது தவறு என்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டமாகச் சொல்ல தில்லியால் முடியும். அடிப்பவன் வீட்டு வாசலுக்குப் போகும் கான்ஸ்டபிளை அனுப்ப முடியாது. நாம் பேசப்போகிற சிக்கல் முழுவதும் இந்த ஓர் இடைவெளியில்தான் இருக்கிறது.

காரைக்குடி இருக்கும் செட்டிநாட்டுக்கு இந்த மாதிரி இடைவெளி புதிதல்ல. கானாடுகாத்தானும் கடியாபட்டியும் ஒன்றுக்கொன்று சில மைல் தூரம்தான். இரண்டிலும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிக் கல்யாணங்கள். ஆனால் 1948 வரை கடியாபட்டி புதுக்கோட்டைத் தொண்டைமான் சமஸ்தானத்தில் இருந்தது. கானாடுகாத்தான் பிரிட்டிஷ் ராமநாதபுரம் மாவட்டத்தில். 1929-இல் சாரதா சட்டம் என்று பேர் வாங்கிய குழந்தை மணத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்ணுக்கு 14, பையனுக்கு 18 என்று வயது வைத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்கு மட்டுமான சட்டம் அது. கானாடுகாத்தானைக் கட்டுப்படுத்தியது, கடியாபட்டியைத் தானாகக் கட்டுப்படுத்தவில்லை. சட்டத்துக்குத் தப்ப எல்லை தாண்டிப் போய்த் தாலி கட்டி வருவது அக்காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் நடந்தது. இன்றும் செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. சட்டம் இப்போது இரண்டு பக்கமும் ஒன்றே. அலுவலர் மட்டும் வேறு வேறு.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு வருவோம். அதற்கு முன்பு இருந்தது, இந்திய தண்டனைச் சட்டத்தில் 1983-இல் சேர்த்த 498ஏ பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. கொடுமை செய்தால் சிறை, அவ்வளவுதான். ஆனால் அடி வாங்கும் பெண்களில் பலருக்கு வேண்டியது புருஷன் ஜெயிலுக்குப் போவதல்ல. அடி நிற்க வேண்டும், வீட்டை விட்டுத் துரத்தக் கூடாது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வர வேண்டும். இந்திரா ஜெய்சிங் தலைமையிலான லாயர்ஸ் கலெக்டிவ் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகள் வாதாடியது இதற்காகத்தான். முதலில் வாஜ்பாய் அரசு கொண்டுவந்த மசோதா, அடிப்பதை 'வழக்கமாக' வைத்திருந்தால்தான் வன்முறை என்றது. தன் சொத்தைக் காக்க நியாயமாகச் செய்திருந்தால் அது வன்முறையே ஆகாது என்றும் ஒரு வாசல் திறந்து வைத்தது. எத்தனை அடி விழுந்தால் வழக்கம் என்று யார் எண்ணுவது? பெண்கள் அமைப்புகள் கொதித்தன. நாடாளுமன்ற நிலைக்குழு 2002 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2004-இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் போயிற்று. அடுத்த அரசு அந்தச் சொற்களை நீக்கி 2005-இல் நிறைவேற்றியது. 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்த மசோதாவைத் தொட்டிலில் போட்டது எந்த அமைச்சகம் என்று பாருங்கள். உள்துறையும் அல்ல, சட்டத்துறையும் அல்ல. மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குள் அப்போது ஒரு துறையாக இருந்த பெண்கள், குழந்தைகள் நலப் பிரிவு. தனி அமைச்சகமாக அது எழுந்தது 2006 ஜனவரியில். அதனால் சட்டத்தின் நடுவில் நிற்பவர் போலீஸ்காரர் அல்ல. 'பாதுகாப்பு அலுவலர்' என்ற புதிய ஆள். பெண்ணின் புகாரைக் கேட்டு டிஐஆர் என்று எல்லாரும் சொல்லும் சம்பவ அறிக்கையை எழுதுவது, அதை நடுவரிடம் சேர்ப்பது, இலவச வக்கீல், தங்குமிடம், மருத்துவப் பரிசோதனை ஏற்பாடு செய்வது, கணவனுக்கு நோட்டீஸ் சேர்ப்பது, பணம் தரச் சொன்ன உத்தரவு நிறைவேறுகிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. நடுவர் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் குடியிருக்கும் உத்தரவு, ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு என்று தரலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் குற்றம்: ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். முதலில் உரிமை, பிறகு தண்டனை. நல்ல வடிவமைப்பு என்றே நான் நினைக்கிறேன். மனு வந்தால் மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயற்சி என்றும் எழுதியிருக்கிறார்கள். வாய்தா வாங்கிப் பழகியவர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

இந்தச் சட்டத்தின் மிகத் துணிச்சலான பிரிவு குடியிருப்பு பற்றியது. அதைப் புரிந்துகொள்ளச் செட்டிநாட்டு வீட்டை விட நல்ல இடம் கிடையாது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடு. கல்யாணமான மகனை, இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் சமூகத்தின் வழக்கப்படி 'வேறு வைத்து' விடுவார்கள்: ஒரே கூரை, ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு, வளவு என்ற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று. சமூகக் கணக்கில் ஒவ்வொரு தம்பதியும் ஒரு 'புள்ளி'. வீட்டின் பத்திரமோ பாட்டன் காலத்தில் நிற்கும். பங்காளிகள் பினாங்கு, சென்னை, பெங்களூரு என்று சிதறிக் கிடப்பார்கள். இந்த வீட்டில் மருமகளுக்கு என்ன பாத்தியதை? பத்திரத்தில் ஒரு துளியும் இல்லை. ஆனால் 17-ஆம் பிரிவு சொல்கிறது: சொத்தில் பங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்க அவளுக்கு உரிமை உண்டு. கணவன் உறுப்பினராக இருக்கும் கூட்டுக் குடும்பத்தின் வீடும் அதில் அடங்கும் என்று சட்டம் தன் வரையறையிலேயே எழுதி வைத்தது.

சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. 2006 டிசம்பரில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, மாமியார் பெயரில் இருக்கும் வீட்டில் மருமகள் குடியிருப்பு உரிமை கேட்க முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் சொன்னால் காரைக்குடி நடுவரையும் அது கட்டும். கிட்டத்தட்டப் பதினான்கு ஆண்டுகள் அந்தத் தீர்ப்பு நின்றது. 2020 அக்டோபர் 15-ஆம் தேதி, அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறு என்று ஒதுக்கியது. வீடு யார் பெயரில் என்பதல்ல, அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்தாளா என்பதே கேள்வி என்றது. வளவில் ஒரு அறை யாருக்கு என்பதைத் தில்லியில் அமர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. ஒற்றை உச்சி கொண்ட நீதித்துறையின் பலமும் ஆபத்தும் இதுதான். மேலே தவறினால் நாடு முழுக்கத் தவறும். மேலே திருந்தினால் ஒரே நாளில் எல்லா ஊரும் திருந்த வேண்டும்.

சீர் சாமானைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. நகரத்தார் கல்யாணத்தில் சாமான் பரப்பி வைப்பதும் பட்டியல் எழுதுவதும் உண்டே, அந்தப் பழக்கம் இந்த ஒரு விஷயத்தில் வக்கீலுக்குக் கொள்ளை லாபம்.

கணவன் கடல் தாண்டி இருந்தால் மூன்றாவது பட்டியல் ஒன்று தலை நீட்டுகிறது. அன்று பர்மா, மலாயா. இன்று சிங்கப்பூர், வளைகுடா. அவள் ஆத்தா வீட்டுக்கு வந்து தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும், அந்த ஊர் நடுவரிடமே மனுப் போடலாம். ஆனால் அயல்நாட்டில் இருப்பவனுக்கு நோட்டீஸ் சேர்ப்பது மாநில அலுவலரால் ஆகிற காரியமல்ல. வெளியுறவு மத்திய அரசுக்கு மட்டுமே உரிய பட்டியலில் இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். உண்மையான கதை இங்கேதான். பாதுகாப்பு அலுவலரை நியமிக்க வேண்டியது மாநில அரசு என்று சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேர் என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்பதே குறைந்தபட்சம். அவர்களுக்குச் சம்பளம், ஜீப், எழுத்தர் எல்லாம் எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்தோடு ஒரு ரூபாயும் தில்லி அனுப்பவில்லை. பல மாநிலங்கள் செய்ததைச் சொல்லவே வேண்டாம். அங்கன்வாடிகளைக் கவனிக்கும் ஐசிடிஎஸ் அலுவலருக்கோ தாசில்தாருக்கோ இதையும் கூடுதல் பொறுப்பாகத் தலையில் கட்டின. தமிழ்நாடு கொஞ்சம் மேல்: சமூக நலத் துறையின் கீழ் இதற்கென்றே மாவட்டத்துக்கு ஓர் அலுவலர் என்ற வழக்கம் இங்கே உண்டு. அந்த ஒருவருக்குச் சிவகங்கையில் எவ்வளவு பரப்பு தெரியுமா? 4,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், 2011 கணக்குப்படி 13 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், ஒன்பது தாலுகா. மதுரை ஓரத்துத் திருப்புவனத்திலிருந்து இந்தப் பக்கம் தேவகோட்டை வரை. பஸ் ஏறி சிவகங்கைக்கு வந்து போகக் காரைக்குடிப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி போகும். யாரிடம் சொல்லிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புவாள் என்பது வேறு.

அதனால் அவள் எங்கே போகிறாள்? மகளிர் ஸ்டேஷனுக்கு. இந்தியாவின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973-இல் கோழிக்கோட்டில் வந்தது. அதை ஒரு பெரும் ஏற்பாடாக ஆக்கியது தமிழ்நாடுதான். 1992-இல் ஜெயலலிதா ஆட்சியில் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கியது, இன்று மாநிலம் முழுக்க இருநூறைத் தாண்டிவிட்டது. காரைக்குடியிலும் உண்டு, தேவகோட்டையிலும் உண்டு. இதற்குத் தில்லியிடம் யாரும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. போலீஸ் மாநிலப் பட்டியல். குடும்ப வன்முறைச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே பெண்களுக்கு வழி பழகிவிட்டது. பெட்டிஷன் கொடுத்தால் சிஎஸ்ஆர் என்ற மனு ரசீது தருவார்கள், இரண்டு தரப்பையும் கூப்பிடுவார்கள், கவுன்சிலிங் நடக்கும், 'இனிமேல் அடிக்க மாட்டேன்' என்று எழுதி வாங்குவார்கள். 'சமாதானமாப் போங்கம்மா, புள்ளைங்க இருக்கு' என்ற வாசகமும் வரும்.

அந்த எழுதி வாங்கிய தாளுக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு? நடுவர் தந்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் சிறை. ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த தாளை மீறினால் இன்னொரு கவுன்சிலிங். பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும், நடுவரிடம் போகும் உரிமையைப் பற்றியும், இலவச வக்கீலைப் பற்றியும் பெண்ணுக்குச் சொல்ல வேண்டியது போலீஸின் கடமை என்று 5-ஆம் பிரிவு எழுதியிருக்கிறது. ஆனால் உள்துறைக்குக் கீழே வேலை பார்க்கும் ஒருவர், சமூக நலத் துறையின் வாசலுக்கு ஆள் அனுப்பி வைப்பதற்கு யாரிடமும் பாராட்டு வாங்குவதில்லை. அனுப்பாததற்குத் திட்டும் வாங்குவதில்லை. யாரும் கெட்டவர்கள் அல்ல. அலுவலகங்களின் கணக்கு அப்படி.

மகளிர் நிலையம் பெண்களுக்கு நல்லதா என்று ஆராய்ந்தவர்கள் ஒரே பதிலைத் தரவில்லை. தமிழ்நாட்டு நிலையங்களை நீண்ட காலம் ஆராய்ந்த மங்கை நடராஜன், பெண்கள் தயங்காமல் வந்து பேசும் இடமாக அவை ஆனதை மதிக்கிறார். ஹரியானாவைப் பார்த்த நிர்விகார் ஜஸ்ஸலின் 2020 ஆய்வோ, மற்ற ஸ்டேஷன்கள் பெண்கள் வழக்கை 'அங்கே போ' என்று தள்ளிவிடச் சாக்காக அது ஆனதைக் காட்டுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் கணவனிடம் எப்போதாவது வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 38 பேர். இந்தியா முழுமைக்கும் 29. இதை வைத்துத் தமிழ்நாடுதான் மோசம் என்று முடிவுகட்டுவது அவசரம். கேட்டால் வாய் திறந்து சொல்லும் பெண்கள் இருக்கும் இடத்தில் எண் ஏறும். ஆனால் முப்பது வருட மகளிர் ஸ்டேஷன்கள் அடியை நிறுத்திவிட்டன என்று சொல்லவும் இந்த எண் இடம் தராது.

துறைச் சுவரில் கதவு வைக்கவே முடியாதா என்றால், மும்பை 1984-இலேயே வைத்துப் பார்த்தது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே தன் சமூகப் பணியாளர்களை உட்கார வைத்து, பெண்களுக்கான சிறப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பெண் வருவது போலீஸ் வாசலுக்கு. கேட்பது போலீஸ் அல்லாத காது. பிற்பாடு மகாராஷ்டிர அரசே அதை ஏற்று மாநிலமெங்கும் விரித்தது. என் கணக்கில் காரைக்குடி மகளிர் ஸ்டேஷனுக்குள் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மேசை போடுவது எந்தச் சட்டத் திருத்தமும் இல்லாமல் ஆகிற காரியம்.

அமெரிக்காவில் இதே கதை தலைகீழாக நடந்தது. அங்கே குற்றமும் குடும்பமும் மாநிலங்களின் எல்லை. 1994-இல் பெண்களுக்கெதிரான வன்முறைச் சட்டத்தில், தாக்கப்பட்ட பெண் தாக்கியவன்மேல் மத்திய நீதிமன்றத்தில் இழப்பீட்டு வழக்குப் போடலாம் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். 2000-இல் மாரிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை வெட்டிவிட்டது: இது மாநிலங்களின் விவகாரம், மத்திய நாடாளுமன்றம் தலையிட அதிகாரம் இல்லை. ஆனால் அதே சட்டத்தின் மற்றொரு பாதி பிழைத்தது. ஆறு ஆண்டுகளுக்கு 160 கோடி டாலர். மாநிலப் போலீஸுக்கும் வழக்கறிஞர்களுக்கும் தங்குமிடங்களுக்கும் மானியமாக, நிபந்தனைகளோடு. வாஷிங்டனால் முழு உரிமையைச் சட்டமாகத் தர முடியவில்லை, பணத்தை அனுப்பியது. தில்லி முழு உரிமையைத் தந்தது, பணத்தை அனுப்பவில்லை. ஏழு கடல் தள்ளி இருக்கும் இரண்டு கூட்டாட்சிகள் ஒரே நோயின் வெவ்வேறு பாதியைக் குணப்படுத்தியிருக்கின்றன. தில்லி பிற்பாடு விழித்தது: 2015 முதல், பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதியிலிருந்து 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்களை மாவட்டந்தோறும் தொடங்கியது, செலவு முழுக்க மத்திய அரசுடையது. அதோடு 181 என்ற உதவி எண்; தமிழ்நாட்டில் அது 2018 டிசம்பரில் ஒலிக்கத் தொடங்கியது.

கூட்டாட்சியே இல்லாவிட்டால் எளிதோ? இலங்கையும் அதே 2005-இல் 34-ஆம் எண் கொண்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒற்றையாட்சி, ஒரே போலீஸ், நடுவர் தரும் பாதுகாப்பு உத்தரவு ஓராண்டு வரை. பாதுகாப்பு அலுவலர் என்ற தனி ஆளே அதில் இல்லை. துறைச் சண்டைக்கு இடமில்லை என்பது நல்லது. பெண்ணுக்காக மனுவைத் தூக்கிக்கொண்டு போகக் காவலரைத் தவிர அரசில் வேறொருவர் இல்லை என்பது கெட்டது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு அந்தக் காவலர் பெரும்பாலும் தன் மொழி பேசாதவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பல கதவு இருப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். 1989-இல் கருணாநிதி அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மாநில அளவில் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு கொடுத்தது. ஆந்திரம் அதற்கு முன்பே கொடுத்திருந்தது. நாடு முழுவதும் அது வர 2005 செப்டம்பர் ஆயிற்று. குடும்ப வன்முறைச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த அதே மாதம். பிறந்த வீட்டில் பங்கு உள்ளவளுக்குப் புகுந்த வீட்டில் அடி தாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் குறைகிறது. தில்லி தூங்கும்போது ஒரு மாநிலம் விழித்திருக்கலாம் என்பதே பொதுப் பட்டியலின் அழகு. காஷ்மீரில் அது எதிர்த்திசையில் ஓடியது. 2005 சட்டம் அங்கே செல்லாமல் இருந்ததால், தனியாக ஒன்றை 2010-இல்தான் இயற்றிக்கொண்டார்கள். 2019-இல் மத்தியச் சட்டம் வந்தது.

அரசியல் ஆய்வாளர்களான மாலா ஹ்டூன், லாரல் வெல்டன் இருவரும் 70 நாடுகளை 1975 முதல் 2005 வரை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டங்கள் எங்கே முதலில், முழுமையாக வந்தன? நாட்டின் செல்வமும் நாடாளுமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கையும் அவ்வளவாக விளக்கவில்லை. அரசிடமிருந்தும் கட்சிகளிடமிருந்தும் விலகி நிற்கும் வலுவான பெண்கள் இயக்கம்தான் விளக்கியது. சட்டம் வருவதற்கு இது பொருந்தும். வந்த சட்டம் ஒரு தாலுகாவுக்குள் இறங்குவதற்கு இயக்கம் மட்டும் போதாது. பட்ஜெட்டில் ஒரு வரி வேண்டும்.

அந்த வரி இல்லாத குறை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 'வீ த விமன் ஆஃப் இந்தியா' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் நீதிபதி பி.வி. நாகரத்னா தலைமையிலான அமர்வு, மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு ஆறு வாரத்துக்குள் பொறுப்புக் கொடுக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தாலுகாவுக்கு ஒருவர் என்றால் சிவகங்கை மாவட்டத்தில் ஒன்பது பேர். காரைக்குடிப் பெண் பஸ் ஏற வேண்டாம். உத்தரவின் சொற்களைக் கூர்ந்து பார்த்தால், புதிய பதவிகளை உண்டாக்கச் சொல்லவில்லை. துறையில் இருப்பவர்களுக்கே இந்தப் பொறுப்பைக் கொடுக்கச் சொல்கிறது. 2006-இல் பல மாநிலங்கள் செய்ததும் அதுவே. அங்கன்வாடிச் சத்துமாவுக் கணக்கும் இந்தக் கோப்பும் ஒரே மேசையில் ஒரே நாளில் வந்து நின்றால் அந்த அலுவலர் எதை முதலில் எடுப்பார் என்பது, அவருக்குச் சம்பளம் கொடுக்கும் சென்னை எதைப் பற்றி மாதாந்திர அறிக்கை கேட்கிறது என்பதைப் பொறுத்தது.